பேர் சொல்லாத ஆள்

காலையிலேயே வருவதாகச் சொன்ன சிறப்பு விருந்தினர் சென்னியப்பன் மதியமாகியும் வரவில்லை. பார்வையற்றோருக்கு அவர் வழங்கவிருந்த வெள்ளைக் கோல்களும் அவர் காரில்தான் வர வேண்டும். "பட்டங்களை ஒண்ணு விடாமச் சொல்லி வரவேற்கணும்" என்று போனில் மட்டும் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

கொல்லிமலை பார்வையற்றோர் சங்கச் செயலாளர் வளர்மதிக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. அவளுக்கும் பார்வை கிடையாது. அங்கே கூடியிருந்த யாருக்குமே கிடையாது.

"கோலு வாரதுக்குள்ள எங்கூரு குண்டூர் நாட்டுக்குக் கடைசி பஸ்ஸே போயிருமுங்க" என்றார் உறுப்பினர் சின்னுசாமி.

வாசலில் ஒரு செருமல் கேட்டது.

"யாருங்க? உள்ள வாரவங்க பேரைச் சொல்லோணும். அது எங்க சங்கத்து வழக்கமுங்க" என்றாள் வளர்மதி.

பதிலாக இன்னொரு செருமல்தான் வந்தது. புதிதாகப் பார்வை போனவர்கள் இப்படித்தான், கூச்சத்தில் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்றைக்குப் பார்த்தா இவரும் வரவேண்டும்! வளர்மதி அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பின்வரிசையில் உட்காரவைத்தாள்.

"அம்மா, நான் வந்து..."

"முதல்ல பேருங்க! அப்புறம் பேச்சு."

"என் பேரை நானே சொல்றதா?"

"பின்னே, பக்கத்து ஊட்டுக்காரரா வந்து சொல்லுவாரு?"

அந்நேரம் வெளியிலிருந்து ஒரு குரல் மூச்சிரைத்தது. "டிரைவர் பூபாலனுங்க! கோலெல்லாம் இறக்கிட்டேன். எங்க ஐயாவுக்கு மாலை போட்டாச்சுங்களா? அப்பவே உள்ள வந்தாருங்களே!"

பின்வரிசையிலிருந்து, பட்டம் ஒன்றுகூட ஒட்டாத ஒரு குரல் மெல்ல எழுந்தது.

"சென்னியப்பனுங்க."