அரை வினாடி

கடலில் ஆபத்து வந்தால் சிக்னல் அனுப்பும் பெட்டியை சூசைநாயகமே ஆய்வகத்துக்குத் தூக்கி வந்தார். படகு கவிழ்ந்தபோது அவர் பொத்தானை அமுக்கவில்லை, அதனால்தான் கூட இருந்த தம்பி கடலோடு போய்விட்டான் என்று ஊரே பேசியது. பொறியாளர் பிரமிளா பெட்டியை இயக்கிப் பார்த்தாள். அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் துழாவிக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரின் திரையில் எதுவும் தெரியவில்லை.

“நான் அமுக்குனேம்மா.”

ஐம்பது வினாடிக்கு ஒருமுறை, அரை வினாடி மட்டுமே பெட்டி கத்தும்; திரையில் துழாவிச் செல்லும் கோடு அந்த இடத்துக்கு வருவதற்குள் ஓய்ந்துவிடும். சிக்னல் எழுந்ததும் ட்ரிக்கர் அனலைசரைத் தட்டி எழுப்ப, அந்த அரை வினாடி மட்டும் அளவெடுக்கும் கேட் திறந்திருக்கும்படி அமைத்துவிட்டு அவள் காத்திருந்தாள். துடிப்புக்குத் துடிப்பு கோடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, பதினோராவது துடிப்பில் முழு முகடாக நின்றது. இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெகுதூரம் விலகி நின்றது.

“அண்ணே, பெட்டிதான் பழுது. அலைவரிசை மாறிக் கத்தியிருக்கு. யாருக்கும் கேட்டிருக்காது. உங்க மேல தப்பில்ல.”

அவர் கைகூப்பினார். “ஊர்ல ஒருத்தரும் இம்புட்டு நேரம் எனக்காகக் காத்திருக்கலம்மா.”

பிறகு செல்போனில் ஒரு எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினார். “எங்கம்மா. எங்கிட்ட பேசுறதில்ல. நீங்க சொல்லுங்க.”

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.