கிளி பிரித்துக் கொடுத்த கிளைகள்

காக்கைக்குக் கத்தத் தெரியாது என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? ஆபீஸ் ஜன்னலோரக் கூண்டில் வளர்ந்த ஒரு கிளி வந்து சொன்னதை வேப்பமரத்துக் காக்கைகள் அத்தனையும் நம்பிவிட்டன. அதுவரை ஒன்று கத்தினால் போதும், மரமே சேர்ந்து கத்தி வந்ததை விரட்டிவிடும்.

"கண்ட இடத்தில் கத்துகிறீர்களே, இதெல்லாம் ஒரு முறையா? சோற்றுக்கு ஒரு கிளை, ஆபத்துக்கு ஒரு கிளை, நலம் விசாரிக்க ஒரு கிளை. அந்தந்தச் சேதியை அங்கங்கேதான் சொல்லணும்" என்றது கிளி. சொல்லிக் கொடுத்ததற்காக மரத்துப் பழமெல்லாம் அதற்கே என்றானது.

ஒருநாள் சடச்சிக் காக்கையின் கூட்டை நோக்கிப் பூனை ஏறியது. உள்ளே இறகு முளைக்காத குஞ்சு. சடச்சி பதறிப்போய் ஆபத்துக் கிளையில் உட்கார்ந்து கத்தினாள். யார் இருந்தார்கள் அங்கே? எல்லாரும் நலம் விசாரிக்கிற கிளையில் கூடி, "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு, உனக்கு?" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

சடச்சி அங்கே பறந்து போய்ச் சொன்னாள்.

"அதை இங்கே பேசக்கூடாதேடி" என்றாள் பக்கத்துக் கூட்டு மூக்காயி.

கிளி பழத்தை மென்றபடி, "ஆபத்து என்று மொட்டையாக வைத்ததுதான் தப்பு. உங்கள் மரத்துக்கு ஏற்றபடி பூனைக்குத் தனிக் கிளை, பாம்புக்குத் தனிக் கிளை பிரித்துத் தருகிறேன்" என்றது. காக்கைகள் தலையாட்டின.

பூனை கூட்டுக்குக் கீழ்க்கொம்பில் கால் வைத்துவிட்டது.

சடச்சி மூக்காயி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீ கிளை மாற வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே, பழையபடி ஒரு தடவை கத்து அக்கா."