முதல் பக்கத்தில் ஒரு பெயர்

"லைப்ரரின்னா ஒரு ஒழுங்கு வேணாமாம்மா?" தெய்வசிகாமணி புத்தகத்தை மேசையில் அடித்தார். "சுவீடன் துப்பறியும் தொடர்னு ஆசையா எடுத்தேன். எந்தப் படுபாவியோ கொலைகாரன் பேரை முதல் பக்கத்துலயே எழுதி வச்சிருக்கான்!"

"அழிச்சுத் தர்றேன் சார்." செல்வாம்பாள் ரப்பரை எடுத்தாள். எழுத்து அவருடையதுதான். போன மாதம் படித்து முடித்ததும், மறக்கக் கூடாதென்று அவரே எழுதியது.

"அழிச்சு என்ன பிரயோசனம்? படிச்சுத் தொலைச்சுட்டேனே!"

"காபி குடிச்சிட்டு எடுங்க சார். மறந்துடும்."

"மெர்சிம்மா" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் காபியைக் குடித்தவர், அதே புத்தகத்தைப் புரட்டினார். "சுவீடன் கதையா? நான் படிச்சதே இல்ல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

செருப்பைத் தேடினார்.

"நெல்லித்தோப்புல என் சம்சாரம் காத்துக்கிட்டு இருப்பா. செல்வாம்பாள்னு பேரு."

செல்வாம்பாள் எழுந்துபோய் அவர்கள் இருந்த அந்த நெல்லித்தோப்பு வீட்டின் வாசற்கதவை உள்ளிருந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.