குழல்காரர் கேட்ட பெயர்

மலையேறப் போன மகன் மூடுபனியில் காணாமல் போய் ஓராண்டு ஆகியும் உடல் கிடைக்கவில்லை. காரியத்தையாவது செய்துவிடச் சொல்லி சொந்தபந்தம் நச்சரிக்கவே, மரகதம் அந்த மலைக்கு வந்தாள். சுற்றுலா வருகிறவர்களுக்கு மூங்கில் குழல் செய்து விற்பவரிடம், "போய்ச் சேந்தவங்களை வழியனுப்ப ஒண்ணு ஊதுவீங்களாமே, எனக்காக ஊதுங்க" என்றாள்.

"ஊதலாம்மா. ஆனா பேரு சொல்லணும். பேரு சொல்லி ஊதிட்டா, அந்த உசிரு மறுபடி வீட்டுப் பக்கம் திரும்பாது."

எதிர்ப்பாறையில் பையன்கள் கயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலைக்கவசத்தில் எல்லாரும் ஒன்றுபோலவே தெரிந்தார்கள். ஒவ்வொருவனும் தரையைத் தொட்டு அதைக் கழற்றும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

குழல்காரர் குழலை உதட்டருகே வைத்துக் காத்திருந்தார்.

"மரகதம்" என்றாள்.