கடுகளவு பொட்டு

“எவ வெச்சாளோ, எவன் வெச்சானோ... என் விமானத்துக்குப் பொட்டு வெச்ச அந்தக் கை விளங்காமப் போகட்டும்!”

மலைமேல் சோளக்காடு ஊரில் மிளகு மண்டி நடத்தும் பானுமதி வாயைத் திறந்தால் சந்தையே திரும்பும். அன்று காலை, நின்றிருந்த பஸ்ஸுக்குள்ளிருந்தும் நாலு தலை எட்டிப் பார்த்தது.

விமானம் என்றால் சுண்டு விரல் நீளம்தான். தேஜஸ் போர் விமானம். மழைக்காலம் பூராவும் மண்டியின் பின்னறையில் லென்ஸ் மாட்டிக்கொண்டு அவளே செய்தது. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, தலைமுடி போல இழுத்து ஆன்டெனா வைத்திருந்தாள். உள்ளே உட்கார்ந்திருக்கும் விமானிக்கு ஒரு கசகசாதான் ஹெல்மெட்.

கடைசிப் பூச்சு காயட்டும் என்று நேற்று வைத்துவிட்டுப் போனாள். இன்று வந்து பார்த்தால், சாம்பல் நிற மூக்கின் மேல் சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு!

“துடைச்சாப் போயிருமுங்க அக்கா,” என்றாள் மிளகு புடைக்கும் கண்ணாயி.

“துடைச்சாப் பெயிண்டும் சேர்ந்து வந்துரும். நீதானே வெச்சே?”

“நல்லாச் சொன்னீங்க! எனக்கு மிளகுல கல்லு இருந்தாலே கண்ணுக்குத் தெரியாது.”

“அதான் மூட்டைக்கு மூட்டை கல்லு வருதா?”

கண்ணாயி முறத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். பிக்கப் வண்டியில் சாய்ந்து நின்ற புருஷன் செல்லமுத்து கதவைத் திறந்துவிட்டான்.

“சேலத்துக்கு நேரமாச்சு, ஏறு,” என்றான். அவ்வளவுதான்.

போன வருஷம் சேலத்து விமான மாடல் கண்காட்சியில் நடுவர் ராஜாமணி, விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், பானுமதியின் மேசைப் பக்கம் குனியக்கூட இல்லை. “பொம்மைக் கடை வெளியில போடணும்மா,” என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த ஆளைக் குனிய வைத்தே தீருவது என்றுதான் இத்தனை பாடும். இன்று அதே கண்காட்சியில் பொட்டு வைத்த பொம்மையோடு போய் நின்றால் சிரிக்க மாட்டாரா?

சேலத்தில் இருட்டு மூலையில் மேசை கொடுத்தார்கள்.

“எறும்பு சைஸ் சாமானை இருட்டுல வெச்சா எறும்புதானுங்க வந்து பார்க்கும்! அந்த ஜன்னலோர மேசை யாருக்கு?”

மிளகு பேரத்திலேயே தோற்காதவள் மேசைக்கா தோற்பாள்? பத்தே நிமிஷத்தில் ஜன்னலோரம் அவளுடையது.

ராஜாமணி வந்தார். அதே நடை. மேசையைத் தாண்டப் போனவர் நின்றார். அந்தச் சிவப்புப் புள்ளி அவர் கண்ணைப் பிடித்து இழுத்துவிட்டது.

குனிந்தார்.

குனிஞ்சுட்டாருய்யா! பானுமதி மனசுக்குள் விசிலடித்தாள்.

அவர் லென்ஸை எடுத்தார். “ஹெல்மெட்... கசகசாவா?”

“பொறுக்கி எடுத்ததுங்க. கோணல் எல்லாம் குழம்புக்குப் போயிருச்சு.”

அவர் நிமிரவே இல்லை. “எல்லாரும் மாடல் பெட்டி மேல இருக்கற படத்தைப் பார்த்துச் செஞ்சிருக்காங்க. இது ஒண்ணுதான் நாளைக்குப் பறக்கப் போற விமானமா நிக்குது. எங்க விமானத் தளத்துலயும் புதுசு வந்தா முதல்ல பொட்டுதான். கடுகளவுகூட இல்ல, வட்டம் பிசகல. யார் கைம்மா இது?”

பானுமதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“இந்தக் கைதானுங்க!” வலது கையைத் தூக்கிக் காட்டினாள்.

“எதால வெச்சீங்க?”

“அது தொழில் ரகசியமுங்க.”

அரங்கமே சிரித்துக் கைதட்டியது. செல்லமுத்து மட்டும் தட்டவில்லை. முகம் வெளுத்து நின்றான். ‘பொறாமை! பெண்டாட்டி ஜெயிச்சா எந்தப் புருஷனுக்குத்தான் ஆகும்?’ என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் பரிசு! அந்தக் கோப்பைக்குள் அந்த மாதிரி விமானங்களில் ஒரு படையையே நிறுத்தலாம். வழி நெடுகப் பானுமதி போனில் கத்திக்கொண்டே வந்தாள். “கண்ணாயி, பட்டாசு வாங்கி வையி! சோளக்காடு அதிரணும்!”

காரவள்ளியில், மலையேறும் முன்னே, அடிவாரக் கோயிலுக்கு எதிரில் வண்டி நின்றது. செல்லமுத்து சாவியை உருவி மடியில் செருகிக்கொண்டான்.

“ஏனுங்க, என்ன ஆச்சு? மேல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க!”

“பொட்டு வெச்சது நான்தான். ஈர்க்குச்சி முனையில. புதுசா ஒண்ணு பொட்டில்லாம இந்த மலையோட எழுபது வளைவும் இறங்கறதுக்கு எனக்கு மனசு கேக்கல.”

கோப்பை அவள் மடியிலிருந்து நழுவப் பார்த்தது.

“காலையிலயே சொல்றதுக்கு என்னங்க?”

“சொல்லியிருந்தா இன்னும் நாலு சாபம் சேர்ந்திருக்கும். ஸ்டியரிங் பிடிச்சுக் காய்ச்சுப் போன கைதானே, ஒரு சாபம் தாங்கட்டும்னு விட்டுட்டேன்.”

பானுமதியின் குரல் முதல் தடவையாக இறங்கியது. “இப்ப என்னங்க பண்ணணும்? திரும்பிப் போயி உங்க பேரைப் போடச் சொல்லட்டுமா?”

“பேரு யாருக்கு வேணும்?” அவன் அவளுடைய வலது கையைப் பிடித்துக் கோயில் பக்கம் காட்டினான். “பொட்டு வெச்ச கை இதுதான்னு அத்தனை பேர் முன்னால நீயே சொல்லிட்டயே புள்ள! விமானம் செய்யற கையாச்சே. இறங்கு! காலையில விட்ட சாபத்தை முதல்ல திரும்ப வாங்கு!”