ஒன்பது பத்து வண்டி

“பனி கொட்டுதா கண்ணு? குல்லா போட்டுட்டுப் போ. வழுக்கற எடத்துல பாத்து நட.”

போனில் அப்பாவின் குரல் முடிந்தது. அவள் சிரித்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஜூன் மாதத்து வெயில். பல்கலைக்கழகப் புல்வெளியில் மாணவர்கள் சட்டையில்லாமல் படுத்துக் கிடந்தார்கள்.

இன்னும் இருபது நிமிடத்தில் அவள் உள்ளே போக வேண்டும். ஓராண்டுப் படிப்பின் கடைசித் தேர்வு. குளிர்காலத்தில் உறைந்துபோகும் இந்த வடக்கு ஊர் ஆற்றின் பனிப்பாளம் ஒவ்வோர் ஆண்டும் எந்தத் தேதியில் உடைகிறது என்று ஆய்வு எழுதியிருந்தாள். மூன்று பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்கள்.

அப்பா தாராபுரம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஊர் மணிக்குச் சரியாக ஒன்பது பத்துக்கு அவர் பேசி அனுப்பியது வந்துவிடும். அவள் வந்து சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒன்பது பத்து வண்டி என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தாள்.

“நேத்துத்தானேப்பா வெயில்ல நிக்கற போட்டோ அனுப்புனேன்?”

பேசி முடித்தவள் அனுப்பவில்லை.

நேற்றைய படத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்கு முந்தைய படத்தைப் பற்றியும்.

விரல் மேலே மேலே போனது.

மே ஏழு. அவள் அனுப்பிய படம், பனிப்பாளம் உடைந்து ஓடும் ஆறு. அது உடையும் தேதிக்கு அப்பா பிப்ரவரியிலேயே பந்தயம் கட்டியிருந்தார். “மே மூணு. எழுதி வெச்சுக்கோ. நான் சொன்ன டைமுக்கு வராத வண்டி கெடையாது.”

“நாலு நாள் லேட்டு. டைம் கீப்பருக்கு மெமோ” என்று அனுப்பியிருந்தாள்.

மறுநாள் வந்த குரல், கம்பளி சாக்ஸ் போடச் சொன்னது.

தோற்றவர் பேச்சை மாற்றுகிறார் என்று அன்றைக்குச் சிரித்தாள்.

கொஞ்ச நாளாகக் கூப்பிட்டால் அம்மாதான் எடுத்தாள். அப்பா தூங்கறாரு சாமி. அப்பா குளிக்கறாரு சாமி.

அண்ணன் ஒரு நாள் வீடியோவில் வந்தான். மொட்டை. மீசையும் இல்லை. “பழனிக்கு வேண்டுதல். உன் படிப்புக்குத்தான் புள்ள” என்றான். அவளுக்குக் கண் கலங்கியது.

அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா. அப்பா எங்க?”

அங்கே ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“உனக்கு யாரு சொன்னா?”

சுவர் குளிர்ந்திருந்தது. அதில் சாய்ந்துகொண்டாள்.

ஏப்ரல் பத்தொன்பது என்றான். நுரையீரல் என்றான். கோயம்புத்தூரில் எட்டு நாள்.

“சொல்லிரலாம்னுதான் நாங்க சொன்னோம். அவருதான் ஒத்துக்கல. மூச்சு நல்லாருக்கற நேரமாப் பாத்து அவரே பேசி வெச்சாரு. உன் பரீட்சை வரைக்கும். நாப்பத்தாறு. சீட்டுல தேதி போட்டு எங்கிட்டக் குடுத்தாரு. ஒரு நிமிசம் பிந்தக் கூடாதுன்னாரு.”

ஆறு உடைந்தாலும் இங்கே ஆண்டு முழுவதும் பனி கொட்டும் என்று நினைத்துவிட்டார். சரிதானா என்று கேட்க அவளைத் தவிர அவருக்கு யாருமில்லை.

“நான் பேசி அனுப்புனதெல்லாம்?”

“அம்மா கேப்பாங்க.”

தனியாக அழுத ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவரிடம் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள்.

போனை அணைத்தாள்.

பதினாறாம் நாள் முடிந்திருக்கும். படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போயிருப்பார்கள்.

அவளைத் தவிர எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள்.

கதவு திறந்தது. அவள் பெயரைத் தப்பாக உச்சரித்துக் கூப்பிட்டார்கள்.

போனாள். இருபது நிமிடம் பேசினாள். அறுபது ஆண்டுத் தேதிகள். குரல் உடையவில்லை.

இந்த ஆண்டுத் தேதியை முன்கூட்டிக் கணித்தவர் யாராவது உண்டா என்று கேட்டார் ஒருவர்.

“ஒருவர். நான்கு நாள் பிழை.”

பரவாயில்லை, நல்ல கணிப்புதான் என்று அவர் குறித்துக்கொண்டார்.

கை குலுக்கினார்கள். தேறிவிட்டாள்.

வெளியே வந்து போனைத் திறந்தாள். அண்ணன் பதினொரு முறை கூப்பிட்டிருந்தான்.

அதற்கு மேல் ஒரு குரல் பதிவு. அப்பா.

நாற்பத்தேழாவது.

“முடிச்சுட்டியா கண்ணு? முடிச்சிருப்பே. அண்ணன வையாத. நாந்தான் வேண்டாம்னேன். நீ பாதியில எறங்கி வந்துருவியோன்னு பயம் எனக்கு.”

ஓர் இருமல். அதன் பின்னால், தள்ளி நின்று அம்மா. “இன்னுங் கொஞ்சம் தெம்பாப் பேசுங்க. அவளுக்குத் தெரிஞ்சு போயிரும்.”

“சரி. பாத்துப் போ. பனி.”

திரும்பவும் கேட்டாள். இந்தமுறை அம்மாவை மட்டும்.

போன் அடித்தது. அம்மா. அடித்து ஓயும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டடத்துக்கு வெளியே அகலமான கல்படிகள். வெயிலில் வெளுத்து, உலர்ந்து கிடந்தன. அவள் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். ஒரு காலை வைத்து, அது நின்றது என்று உறுதியான பிறகு மறு காலை வைத்தாள். அடுத்த படி. அடுத்த படி.

புல்வெளியிலிருந்து ஒருவன் எழுந்து ஓடி வந்தான். உதவி வேண்டுமா என்று அவன் மொழியில் கேட்டான்.

“வழுக்குது” என்றாள், தமிழில்.