பொத்தான் பேசாத நாள்

ஆம்புலன்ஸ் அனுப்பும் அலுவலகத்துக் கணினியில் ஓர் உதவிப் பொத்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு தடித்த கையேடு.

புதிதாகச் சேர்ந்த செம்மலருக்கு முதல் அழைப்பே பிரசவ வலி. எங்கே தொடங்குவதென்று திரையில் தேடினாள்.

"முதல்ல ஊர்ப் பேரை மட்டும் எழுதுங்க," என்றது பொத்தான். எழுதினாள். "இப்போ பச்சைக் கட்டத்தைத் தொடுங்க." வண்டி கிளம்பியது.

"இவ்வளவுதானா? நானா இருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்," என்றது கையேடு.

"அவங்க விரல் தயங்குற இடத்துல மட்டும்தான் நான் பேசுவேன், அண்ணே."

நாளாக நாளாகப் பொத்தானின் பேச்சு குறைந்தது. வெள்ளம் வந்த அன்று ஒரே நேரத்தில் ஒன்பது அழைப்புகள். செம்மலரின் விரல்கள் பறந்தன. பொத்தான் வாயே திறக்கவில்லை.

"ஏதாவது சொல்லேன்!" என்று பதறியது கையேடு.

"நான் சொல்லித்தராததையெல்லாம் செய்யறாங்க. பேசாம பாருங்க!"

கையேடு பார்த்தது. திரை வரைபடத்தில் ஒன்பது வண்டிகளும், மூழ்கிய சாலைகளை விட்டு விலகி, ஓடிக்கொண்டிருந்தன.